ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

டிப்போவில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பஸ் ஓட்டுகிறவர்களில் வாய் ஓயாதவர்கள் உண்டு, முன் சீட்டில் உட்காருகிறவர்களிடம் ஊர்வம்பு அளக்கிறவர்கள் உண்டு. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். "அண்ணனுக்கு ஹாரன்தான் வாய்" என்பான் அவரோடு ஓடும் கண்டக்டர். "கோபம் வந்தா எப்படி அடிப்பாருன்னு எனக்குத் தெரியும். சந்தோஷம் வந்தா எப்படி அடிப்பாருன்னுதான் இன்னும் கேட்டதில்ல."

ஒரு காலத்தில் அவரும் சிரித்துப் பேசிய ஆள்தான். மூத்தவன் போன பிறகுதான் இப்படி.

மூத்தவன் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் யாரும் அதை நீட்டிச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. சிநேகிதர்களோடு ஆற்றில் குளிக்கப் போனான். மீன்குஞ்சு மாதிரி நீந்துகிறவன். மற்றவர்கள் கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. அந்த நேரத்தில் அப்பா அதே ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அக்கரையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது டைம் கீப்பர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். அந்த மனுஷன் அதற்கு முன் யாருக்காகவும் அறையை விட்டு வெளியே வந்தவர் இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே வேறு தடம் கேட்டார். பாக்டரிப் பக்கம் போகும் தடத்தைக் கொடுத்தார்கள். தூசியும் குழியுமான ரோடு. ஷிப்ட் முடிந்து வியர்வையோடு ஏறுகிற கூட்டம். யாரும் வேண்டாத தடம் அது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த வழியில் சாக்கடையைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது.

வீட்டில் மீதி இருந்தது மூன்று பேர். அவர், ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைக்கும் மனைவி, மகள். மகளைச் 'சின்னது' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியது இல்லாமல் போன பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. மூத்தவன் போட்டோ பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் இருந்தது. சின்னதின் நீச்சல் உடுப்பு பரணில் எங்கோ கிடந்தது. ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். யார் சொல்லியும் செய்த ஏற்பாடு இல்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டும் இருந்தது, சின்னதுக்கு அந்த இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைக்கிற வரைக்கும்.

கிடைத்தது சாமானியப்பட்ட இடங்கள் இல்லை. ஊரில் படித்தவர்கள் அந்த இரண்டு பெயரையும் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். இரண்டிலும் படிப்புச் செலவை அவர்களே ஏற்கிறார்கள். பாடமும் ஒன்றேதான், செடிகொடிகளைப் பற்றியது. சின்னதின் டீச்சரம்மா ஒன்றுதான் சொன்னார். "படிப்புல ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. நாலு வருஷம் நீ அங்கதான் தூங்கி எந்திரிக்கப் போற. இடத்தைப் போய்ப் பாரு. உனக்கு எங்க மூச்சு விட வருதோ அங்க சேரு."

ஒன்று இந்த ஊரிலேயே, நகரத்தின் நடுமத்தியில் இருந்தது. பாலத்துத் தடத்து பஸ் அதன் வாசலில்தான் நிற்கும், பிறகுதான் பாலம் ஏறும். மற்றது தொலைவில், மேட்டுப் பக்கம், மரங்களுக்கு நடுவே, பெரிய ஏரிக்கரையில் இருந்தது. இரண்டும் ஆளுக்கொரு பளபளப்பான புத்தகம் அனுப்பியிருந்தன. ஏரிக்காரர்கள் அட்டையிலேயே ஏரியைப் போட்டிருந்தார்கள். மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா அந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அது நிமிர்ந்து கிடக்கும். மறுபடி கவிழும். அம்மாவும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முதலில் நகரத்தில் இருப்பதைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள். செங்கல் கட்டடங்கள், தேய்ந்த படிக்கட்டுகள். படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிக் காட்ட வந்த மூக்குக் கண்ணாடிப் பெண் நடந்துகொண்டே சொன்னாள். "வெளிய போனா புத்தகக் கடை, சினிமா, டீக்கடை எல்லாம் கூப்பிடு தூரம். இங்க யாரும் தூங்கறதே இல்ல ஆன்ட்டி."

"இதை ஒரு பெருமையா வேற சொல்லுது பாருங்க இந்தப் பொண்ணு" என்று மனைவி அவர் காதில் முணுமுணுத்தாள்.

ஹாஸ்டல் அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு அச்சகத்தின் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் தடதடவென்று ஓடியது.

"சத்தமா இருக்கே" என்றாள் அம்மா.

"பழகிடும். நம்ம வீட்டுக் கீழ வெல்டிங் கடை இல்லையா?" என்றார் அவர். அன்று அவர் பேசியதைக் கண்டக்டர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டான். வாசலில் பஸ், லீவு விட்டால் ஒரே பஸ்ஸில் வீடு, கேட்டில் ரெண்டு வாட்ச்மேன், ரோட்டில் வெளிச்சம் என்று அடுக்கிக்கொண்டே போனார். "எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா" என்றாள் சின்னது. ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்த வாரம் ஏரிப்பக்கம். கிளம்புகிற அன்று மனைவிக்குக் கேன்டீனில் திடீரென்று ஆள் இல்லாமல் போனது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து வருவது டிரைவருக்குத் தண்டனை. மேட்டு வளைவுகளில் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"அப்பா, அங்க பிரேக் இல்ல."

"தெரியும்டி."

"அவர் நல்லாத்தானே ஓட்டறாரு?"

"எங்க நல்லா ஓட்டறான்? கிளட்ச்சை அழ விடறான்."

சின்னது வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது ஒன்றுமில்லாத ஒரு அமைதி. பிறகுதான் இலைச் சத்தம். வகுப்பறைகள் மரங்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. கண்ணாடிக் கூரை போட்ட செடி வளர்ப்புக் கூடம் ஒன்று இருந்தது. சின்னது அதற்குள் போய்ப் பெயர் தெரிந்த செடிகளைச் சொந்தக்காரர்களை விசாரிப்பது மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். முகமே வேறாக இருந்தது. மெஸ் பூட்டியிருந்தது, லீவு நாள். அதைத் தாண்டி ஹாஸ்டல். ஹாஸ்டலைத் தாண்டி ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி.

அவர் நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"செருப்பு கடிக்குது. நீ போய்ப் பாத்துட்டு வா."

சரிவில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. ஏரியைப் பார்ப்பதற்கென்றே போட்ட பெஞ்சு. அவர் அதில் திரும்பி, சாய்மானத்துக்கு நெஞ்சைக் கொடுத்து, ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். போகிற வருகிற பிள்ளைகள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஹாஸ்டல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். முதுகில் குளிர்ந்த காற்று வந்து வந்து மோதியது.

கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு கரையில் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் நின்றுபோன மாதிரி இருக்கவே திரும்பினார். சின்னது கரையோரக் கல்லில் குத்தவைத்து, முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

எப்படி இறங்கினார், யாரை இடித்தார் என்று அவருக்கே தெரியாது. "ஏய்! எந்திரிடி! என்ன பண்ற அங்க? உனக்கு அறிவு இருக்கா?" என்று அவர் போட்ட கூச்சல் அந்த ஏரியைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோளைப் பிடித்து இழுத்துச் சரிவின் மேலே கொண்டுவந்தார். அவள் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் காலும் பிரேக்கை மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எப்படிடி இருந்துச்சு?"

"பரவாயில்லம்மா. ரூம் சின்னது. ஒரே கொசு. மெஸ் சாப்பாடு வாயில வைக்க முடியல. நான் இங்கயே சேந்துக்கறேன்."

அவருக்கு மூச்சு திரும்பி வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெட்கமாகக்கூட இருந்தது அவருக்கு, அவ்வளவு நிம்மதி.

நிம்மதி காலை டீ வரைக்கும்தான் நின்றது. மனைவி டம்ளரை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மெஸ் சாப்பாடு அவ்வளவு மோசமாங்க?"

"மெஸ்ஸா? பூட்டிக் கிடந்துச்சே. பஸ் ஸ்டாண்டுல பிரெட்டும் முட்டையும்தான் சாப்பிட்டோம்."

"அப்ப அவ எங்க சாப்பிட்டா?"

அவர் டம்ளரை எடுக்கவில்லை.

"போன வாரம் பூரா தூக்கத்துல சிரிச்சுட்டு இருந்தா. நேத்து வந்ததுலேருந்து அந்தப் புத்தகத்தைக் காணோம். நான் கவுக்கறதுக்கு இப்ப மேஜையில ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. பிறகு, இத்தனை வருஷத்தில் இல்லாத ஒன்றாக, வாய் திறந்து சொன்னாள். "ஒண்ணை ஆத்துல விட்டோம். இன்னொண்ணைக் கரையிலயே வச்சு மூச்சு முட்ட விடறோமாங்க?"

அவர் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு பாக்டரி ரோட்டில் ஒரு நிறுத்தத்தையே விட்டுவிட்டுப் போனார். கண்டக்டர் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலித்து, "அண்ணே, இறங்க வேண்டிய ஆளுங்களை எங்க கூட்டிட்டுப் போறீங்க? உங்க வீட்டுக்கா?" என்று கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள். "இன்னைக்கு வராத ஆளுக்குப் பதிலா டியூட்டி" என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அந்த ஏரியை இன்னொரு தடவை பாத்துட்டு வரேன், அதுவரைக்கும் பொறு' என்று ஒரு வரி. ஆனால் தன்னால் முடியாமல் திரும்பி வந்துவிட்டால் அந்தப் பெண் ஆசைப்பட்டு ஏமாறுமே என்று பயந்தார். நல்லெண்ணம்தான். அந்த வீட்டில் நடந்த கெடுதல் எல்லாமே நல்லெண்ணத்தில் நடந்ததுதான்.

கேட்டில் வாட்ச்மேன் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"ஏரியை."

வாட்ச்மேன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வழி விட்டார்.

அதே பெஞ்சு. இந்தத் தடவை நேராக உட்கார்ந்தார். முதலில் தன் காலைப் பார்த்தார், பிறகு புல்லைப் பார்த்தார், பிறகு கரைக் கல்லை. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை நகர்த்திக்கொண்டு போய்த் தண்ணீரில் வைத்தார். அது தன்பாட்டுக்குக் கிடந்தது. யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கீழே படகுகளைக் கட்டிக்கொண்டிருந்த ஆள் மேலே ஏறி வந்தான். கயிறும் மிதவை வளையமும் தோளில் தொங்கின.

"என்ன ஆழம் இருக்கும்?" என்று கேட்டார் இவர்.

"பிள்ளைங்க எப்ப படகு விடுவேன்னு கேப்பாங்க. ஆழத்தைக் கேக்கறது பெத்தவங்கதான்" என்றான் படகுக்காரன். "உங்களுதா? பொண்ணா, பையனா?"

"பொண்ணு." பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், "பையனும் இருந்தான்" என்றார்.

படகுக்காரன் வளையத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது சார். தண்ணிக்கு நான் ஜாமீன் நிக்க முடியுமா? நீந்தற இடத்துக்கு வேலி போட்டிருக்கு. பகல் பூரா நான் இருக்கேன். அவ்வளவுதான்."

பயப்படாதீங்க என்று அவன் சொல்லியிருந்தால் இவர் எழுந்து போயிருப்பார். அப்படிச் சொல்லவில்லை. அதனால் எழுந்து சரிவில் இறங்கினார். சின்னது குத்தவைத்திருந்த கல்லிலேயே குத்தவைத்தார். கையை விட்டார். குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. ஆற்றங்கரையில் அன்றைக்குப் பையனின் நெற்றியைத் தொட்டபோது இருந்த அதே குளிர். கையை எடுக்கவில்லை. குளிர் மரத்துப்போய், வெறும் தண்ணீராக மாறுகிற வரைக்கும் அப்படியே இருந்தார். படகுக்காரன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். 'நீ அங்கேயே போம்மா. நான் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல.' மூன்று சின்ன வாக்கியம். பாலத்தில் வண்டி ஓட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

சின்னது மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்திக்கொண்டு, ரொம்பக் கலகலப்பாகப் பேசினாள்.

"அப்பா, முடிச்சுட்டேன். மதியமே போன்ல போட்டுட்டேன். இங்கயே சேரறேன்னு சொல்லியாச்சு, அங்க வேண்டாம்னு சொல்லியாச்சு. எதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்துட்டு? நீயும் சரியா தூங்கறதில்ல."

அவர் அப்படியே நின்றார். காக்கிச் சட்டையின் வலது கை முழங்கை வரைக்கும் இன்னும் ஈரம் காயாமல் கறுத்துக் கிடந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தவள் அதைப் பார்த்தாள். மடித்த துணி கையிலிருந்து விழுந்தது.

"டியூட்டின்னு தானே போன?"

"அங்க போயிட்டு வந்தேன். நீ அங்கயே போன்னு சொல்ல வந்தேன்."

சின்னது அழுது அவர் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. அண்ணன் போன அன்றைக்குக்கூட அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்த குழந்தை அது. இப்போது துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து, எல்லா வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். கீழே வெல்டிங் கடைச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் தெருவே கூடியிருக்கும்.

"அண்ணன் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தப்ப வயித்துக்குக் கீழ கை வச்சுப் பிடிச்சுக்குவான்பா. விட்டுட்டேன்னு பொய் சொல்லுவான், ஆனா விட மாட்டான். வீட்ல எங்க தேடினாலும் அவன் இல்ல. போட்டோகூட வெளிய இல்ல. அன்னைக்குத் தண்ணியில கையை விட்டதும் அந்தக் கை அப்படியே..." முடிக்கவில்லை அவள். "தண்ணி பக்கத்துல இருக்கும்னுதான்பா நான் அங்க அப்ளை பண்ணினேன். படிப்புக்குன்னு சொன்னது பாதிப் பொய்."

அவருக்குத் தண்ணீர் என்றால் பையனைத் தின்ற வாய். அவளுக்கு அது அவன் கை. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு, இது ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள்.

காலையில் முதல் வேலையாகப் போன் செய்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். இடத்தை வேண்டாம் என்றதும் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடுமாம், அந்தப் பிள்ளை நேற்றைக்கே ஒத்துக்கொண்டுவிட்டதாம். அப்பா போனை வாங்கி, "நான் பஸ் ஓட்டறவம்மா, தப்பு என்மேலதான், கொஞ்சம் பாருங்க" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். "மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் அந்தப் பெண். வேறு என்ன சொல்வாள்?

சின்னது அச்சகச் சுவரைப் பார்த்த அறைக்குப் போனாள். நன்றாகத்தான் படிக்கிறாள். படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போடவும் பழகிக்கொண்டாள். மூத்தவன் போட்டோ பீரோவிலிருந்து வெளியே வந்து சுவரில் ஏறியது. அம்மாதான் ஆணி அடித்தாள். அவ்வளவுதான் நடந்த நல்லது. ஏரிக்கரையில் அவள் கட்டில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பிள்ளை தூங்கி எழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அவர் டைம் கீப்பரிடம் போய் நின்றார். "பாலத்துத் தடம் வேணும்."

டைம் கீப்பர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுதான் கேக்கறியாப்பா?"

"பொண்ணு அந்த வாசல்ல ஏறும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஏறினாள். அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எதுவரைக்கும் பாப்பா?" என்றான். "அப்பா போற வரைக்கும் அண்ணா" என்றாள். அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் தலைக்கு மேல், ஓடும்போது ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று எழுதிய பலகை இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

வண்டி பாலம் ஏறியது. அவர் ரோட்டையே பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஈரமாகியது. இரண்டு பக்கமும் ஆறு வெளிச்சமாகக் கிடக்கிறது என்பது பார்க்காமலே தெரிந்தது.

பாதிப் பாலத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, கொஞ்சம் மெதுவா."

அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பஸ் நடக்கிற ஆள் வேகத்துக்கு வந்தது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. "என்னய்யா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்று யாரோ கத்தினார்கள். "இன்ஜின் சூடாயிருச்சுங்க, பொறுங்க பொறுங்க" என்று கண்டக்டர் கூசாமல் பொய் சொன்னான்.

கண்ணாடியில் அவர் பார்த்தார். சின்னது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தாள். கையை உள்ளே இழு என்று எந்தப் பயணியையும் அதட்டுகிறவர், அன்றைக்குப் பாலம் முடிகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.